துருமுதுகின் கன்றுகள்

பொழுது விடிந்ததும் சடகோபன் கன்றுகளின் இலைகளைத் திருப்பிப் பார்த்தான். நேற்றுச் சாயங்காலமும் பார்த்திருந்தான். ஒரு ராத்திரியில் எதுவும் மாறியிருக்காது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் குனிந்தான். நாற்றுப்பைகளின் வரிசையில் நகர்ந்து, ஒவ்வொரு கன்றிலும் ஒரு இலையைக் கட்டைவிரலால் புரட்டினான்.

வெளிறின பச்சை. எல்லாம் வெளிறின பச்சை.

தாய் மரம் அப்படியில்லை. அதன் இலையைத் திருப்பினால் பழைய இரும்பில் ஏறிய துருவின் நிறம் தெரியும். தொட்டால் பூனையின் காதுபோல மெத்தென்றிருக்கும். அதனால்தான் எஸ்தரம்மா அந்த ஓக் மரத்துக்குத் துருமுதுகு என்று பேர் வைத்திருந்தார். எங்கோ பனிமலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, ஈரத் துணியில் சுற்றி, ஒரே ஒரு கொட்டையாக அவர் கொண்டுவந்தது. மலைமேல் இருந்த அந்தத் தோட்டத்தில் வேறு ஓக் மரங்களும் இருந்தன. இமயமலையிலிருந்து வந்தது, பாட்டிலுக்குத் தக்கை எடுக்கிற ஜாதி, மார்கழியில் செம்புபோலச் சிவந்து உதிர்வது. ஆனாலும் வருகிறவர்கள் வாசலில் இறங்கியதும் கேட்பது துருமுதுகைத்தான்.

"நாட்டிலேயே இந்த ஜாதியில இது ஒண்ணுதான்" என்று சடகோபன் அவர்களிடம் சொல்வான். சொல்லும்போது கோயிலுக்குள் பேசுவதுபோல அவன் குரல் தணியும்.

வருஷத்துக்கு ஒருமுறை, ஐப்பசியில், ஓக் பித்துப் பிடித்தவர்கள் ஒன்று கூடுவார்கள். ஒவ்வொரு வருஷமும் ஒருவர் தோட்டத்தில். வருகிறவர்கள் தங்கள் மரத்துக் கொட்டைகளை ஈரப்பாசியில் பொதிந்து கொண்டு வருவார்கள். காய விட்டால் ஓக் கொட்டை செத்துப்போகும். விருந்து வைப்பவர் தன் தோட்டத்தின் சிறந்த மரத்துக்குப் பிறந்த கன்றைத் தன் கையால் வந்தவர் கையில் கொடுக்க வேண்டும். கன்றின் தண்டில் மரத்தின் பேர் அடித்த தகரத்துண்டு தொங்கும். அந்தத் தகரத்தை நம்பித்தான் வாங்கியவர் ஊருக்குப் போய்க் குழி தோண்டுவார்.

இந்த வருஷம் எஸ்தரம்மாவின் தோட்டம். மதியம் வேன் வரும். சாயங்காலம் அது திரும்பும்போது எஸ்தரம்மாவும் அதில் ஏறிப் போவார். இந்தக் குளிரில் அவருக்கு இழுப்பு வருகிறது. கீழே சமவெளியில் தங்கை வீடு இருக்கிறது. இனிமேல் தோட்டம் சடகோபன் பொறுப்பு.

சடகோபன் நில அளவைத் துறையில் சங்கிலி பிடித்தவன். ஐம்பதை நெருங்கும்போது ஒருநாள், தான் அளந்த எந்த நிலத்திலும் ஒரு செடிகூட நட்டதில்லை என்பது நினைவுக்கு வந்து, தூக்கம் போயிற்று. அந்த நிலையில்தான் எஸ்தரம்மாவிடம் வந்து சேர்ந்தான். "எனக்கு ஏதாவது சொல்லிக்குடுங்க" என்று கேட்டான். அவர் ஒரு பூவாளியைக் கொடுத்தார். அவன் அவரைக் குரு என்று நினைத்துக்கொண்டான். ஒருநாள் வாய்விட்டும் சொல்லிவிட்டான். "குருவுமில்ல குருவியுமில்ல, அந்தக் களையப் பிடுங்கு" என்றார் அவர்.

இந்தக் கன்றுகள் அவன் தன் கையால் முதன்முதலில் வளர்த்தவை. துருமுதுகு முதல்முறை காய்த்தபோது அவனே பொறுக்கி, அவனே ஊன்றி, அணிலிடமிருந்து அவனே காத்தவை. போன வருஷக் கூட்டத்தில் எல்லோருக்கும் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தான். அவன் கையிலிருந்து வெளியே போகப்போகிற முதல் கன்றுகள் பொய்.

அவன் ஒரு சாக்கை எடுத்துப் பைகளின்மேல் போர்த்தினான். பிறகு எஸ்தரம்மாவைத் தேடிப் போனான்.

அவர் சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து கம்பளிக் காலுறையில் ஓட்டை தைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கட்டி வைத்த டிரங்குப் பெட்டி.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"தாய் மாதிரி பிள்ளை இல்லன்னா, அது யாரோட தப்பு?"

எஸ்தரம்மா ஊசியில் நூலைக் கோத்தார். "யாரு வீட்டுப் பிள்ளை?"

"பொதுவாக் கேக்குறேன்."

"பொதுவாப் பிள்ளை பெத்தவங்க யாரையும் நான் பாத்ததில்ல."

மேகம் இறங்கி, முற்றத்துக் கொடிக்கம்பியில் சொட்டுச் சொட்டாகத் தொங்கியது.

"கன்னுங்களுக்குத் துரு ஏறல" என்றான். "இலை ஓரமும் பல்லு பல்லா இருக்கு. சின்னதுல அப்படித்தான் இருக்கும், போகப்போக சரியாயிடும்னு நெனச்சேன். ஆகல. அது துருமுதுகே இல்ல. காத்து எதையோ கொண்டுவந்து கலந்துடுச்சு."

"ம்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"நீ ஊன்றும்போதே தெரியும்."

"ஏம்மா சொல்லல?"

"முளைக்குமான்னு கேட்ட. முளைக்கும்னு சொன்னேன். முளைச்சுதா இல்லையா?"

அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். அந்த முகத்தில் கேலி இருக்கிறதா என்று சடகோபன் பார்த்தான். இல்லை. கேலி இருந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"வர்றவங்களுக்கு வெறுங்கையக் காட்ட வேண்டியதில்ல" என்றான் அவசரமாக. "நான் ஒரு வழி பண்ணி வெச்சிருக்கேன். மரத்துக்கிட்ட வாங்க."

"வேட்டி கட்டின கிளையா?"

"ஆமா."

கன்றுகள் முளைவிட்ட அடுத்த பங்குனியில் நடந்தது அது. துவைத்துக் கொடியில் போட்ட அவனுடைய வெள்ளை மல் வேட்டி சாயங்காலம் மஞ்சள் பூத்துக் கிடந்தது. உதறினால் புகைபோல எழுந்தது. ஓக் மரங்களெல்லாம் பூச்சரம் விட்டிருந்த நேரம். அவை அத்தனையும் காற்றில் அனுப்பிய மகரந்தத் தூள் அது. அந்த வேட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சடகோபன் வெகுநேரம் நின்றிருந்தான். இத்தனை தூள் வேட்டியில் விழுந்தால் துருமுதுகின் பூவில் எவ்வளவு விழுந்திருக்கும்? மறுநாள் அந்த வேட்டியையே கிழித்துப் பைகளாகத் தைத்து, ஏணி போட்டு, துருமுதுகின் தாழ்ந்த கிளை ஒன்றில் பூக்கள் வாய் திறக்குமுன் கட்டினான். ஒரே மரத்தில் ஆண் பூவும் இருக்கிறது, பெண் பூவும் இருக்கிறது. வெளியாள் நுழையாமல் பார்த்துக்கொண்டால் போதும். அந்தக் கிளையில் பிறப்பது பரிசுத்தமாகப் பிறக்கும்.

எஸ்தரம்மா அன்று கீழே நின்று பார்த்தார். "ஏணிய நல்லா ஊன்றிக்கோ" என்றதோடு சரி.

அந்த மரத்துக் கொட்டை முற்ற இரண்டு மழைக்காலம் வேண்டும். அதுவரை பைகளை அவன் அவிழ்க்கவில்லை. அணில் வரும், பூச்சி வரும் என்று பயம். கிழிந்த இடத்தில் ஒட்டுப்போட்டான். வெளியிலிருந்து தடவிப் பார்ப்பான். உள்ளே கெட்டியாக ஏதோ தட்டுப்படும். அன்றைக்கு நிம்மதியாகத் தூங்குவான்.

இருவரும் ஈரப்புல்லில் நடந்து மரத்தடிக்கு வந்தார்கள். எஸ்தரம்மாவுக்கு மூச்சு வாங்கியது. மரம் நிறையக் காய்த்திருந்தது. தொப்பி போட்ட கொட்டைகள் காலடியில் நொறுங்கின.

சடகோபன் ஏணியில் ஏறினான். முடிச்சு ஈரத்தில் இறுகியிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தான். முதல் பையைக் கீழே உதறினான்.

சுருண்ட இலைகள் விழுந்தன. அவற்றோடு மிளகளவில் சில காய்ந்த தொப்பிகள். தொப்பிக்குள் ஒன்றுமில்லை.

அடுத்த பையை அவிழ்த்தான். அடுத்ததையும். கடைசிப் பையை உதறாமல் உள்ளே கைவிட்டுத் துழாவினான். பிறகு இரண்டு படி இறங்கி ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"ஒண்ணுகூட இல்லம்மா. மத்தக் கிளையெல்லாம் காய்ச்சிருக்கு. இதுல மட்டும் ஒண்ணுகூட இல்ல."

எஸ்தரம்மா ஒரு வெற்றுத் தொப்பியைக் குனிந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"வர்றவங்ககிட்ட இந்த மரத்தப் பத்தி என்ன சொல்லுவ நீ?"

"எது?"

"குரலத் தணிச்சுக்கிட்டுச் சொல்லுவியே."

"நாட்டிலேயே இந்த ஜாதியில..." சடகோபன் நிறுத்தினான்.

"முழுசாச் சொல்லு."

"...இது ஒண்ணுதான்."

"அப்புறம் கன்னு எங்கேருந்து வந்துதுன்னு நெனச்ச?"

அவர் தொப்பியை அவன் சட்டைப்பையில் போட்டுவிட்டு, மெதுவாக வீட்டைப் பார்த்து நடந்தார்.

சடகோபன் ஏணியிலிருந்து இறங்கவில்லை. எத்தனை பேரிடம் அந்த வாக்கியத்தைச் சொல்லியிருப்பான்! ஒவ்வொரு முறையும் அதைப் பெருமையாகத்தான் சொன்னான். அதற்குள்ளேயே எல்லாம் இருந்திருக்கிறது. தன் தூளைத் தானே ஏற்காத மரம், வேறு ஜாதி வந்து கலந்தால்தான் காய்க்கும். தன் காதே தன் வாயைக் கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் புரிந்தது நழுவி, பயம் மட்டும் மிஞ்சியது. புரிந்து என்ன? மதியம் வேன் வரும். லத்தீப் பாய் வருவார். அவர் காப்பித் தோட்டக்காரர். போன வாரமே போனில், "குழி வெட்டி ஆறப் போட்டாச்சு சடகோபன். எங்க குடும்பம் மொத்தத்தையும் வரச் சொல்லியிருக்கேன், துருமுதுகு வருதுன்னு" என்று சொல்லியிருந்தார். லோகாம்பாள் டீச்சர் வருவார். ஓய்வு பெற்ற தாவரவியல் ஆசிரியை. முப்பதடி தூரத்திலேயே இலையைப் பார்த்துப் பேர் சொல்லிவிடுவார். வருஷக்கணக்கில் எஸ்தரம்மா பேருக்கு இருந்த மதிப்பு, அவர் பெட்டி கட்டிய அன்றே, தன் கையால் போகும்.

கன்றுகள் செத்துவிட்டன என்று சொன்னால்? போன மழையில் வேர் அழுகிவிட்டது என்றால்? கன்று சாவது எல்லாத் தோட்டத்திலும் நடக்கிறதுதான். யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். இரண்டு வருஷம் கழித்து, ஏதாவது செய்துகொள்ளலாம்.

அவன் கொட்டகைக்குப் பின்னால் போனான். சாக்கை விலக்கினான். எருக்குழி பக்கத்திலேயே இருந்தது. முதல் பையைக் கிழித்துக் கன்றைப் பிடித்து இழுத்தான். மேலே ஒரு முழம் இருந்த கன்றுக்குக் கீழே இரண்டு முழம் ஆணிவேர். பையின் அடியைத் துளைத்துத் தரைக்குள் போயிருந்தது. இழுக்க இழுக்க வந்தது. கடைசியில் எங்கோ மண்ணுக்குள் பட்டென்று அறுந்தது.

அந்தச் சத்தத்தில் அவன் கை அப்படியே நின்றது.

அடுத்த பையைத் தொடவில்லை. தொட முடியாததா, தொட மனமில்லாததா என்று அவனுக்கே விளங்கவில்லை. அறுந்த வேரோடு கன்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். மேகத்துக்குள் எங்கோ ஹாரன் அடித்தது. வேன் நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது.

"என்னப்பா, அறுத்துட்டியா?"

எஸ்தரம்மா பின்னால் நின்றிருந்தார். எருக்குழியைப் பார்த்தார். மற்றப் பைகளைப் பார்த்தார். கன்றை வாங்கி, ஒடிந்த பூவாளிக்குள் ஈரமண் போட்டு அதில் வைத்து அழுத்தினார்.

"பொழைக்குமாம்மா?"

"அத அது சொல்லும். போய் வேனுக்குக் கல்லு வை, சரிவுல நிக்குது."

கூட்டம் இறங்கியது. ஆளுக்கொரு தொப்பி, ஆளுக்கொரு பூதக்கண்ணாடி, ஈரப்பாசிப் பொட்டலங்கள். வந்ததும் வராததுமாகச் சிரிப்பு. வேன் ஓட்டுநர் மட்டும் கடுப்பாக இருந்தான்.

"ஓக்கு மரம் பாக்க இவ்ளோ தூரமா? எங்க எஸ்டேட் ரோடு நெடுக சில்வர் ஓக்குதான் சார். மொளகுக் கொடி ஏத்தி வெச்சிருக்காங்க."

"அது ஓக்கே இல்லப்பா" என்றார் லோகாம்பாள் டீச்சர்.

"பேரே ஓக்குதானே டீச்சர்?"

"பேரு போட்டா ஆயிடுமா? எங்க பக்கத்து வீட்டு நாய்க்குப் பேரு ராஜா."

எல்லோரும் சிரித்தார்கள். சடகோபன் சிரிக்கவில்லை.

தோட்டத்தைச் சுற்றி வந்தார்கள். தக்கை மரத்தின் பட்டையைத் தட்டிப் பார்த்தார்கள். இமயமலை ஓக்கின் கீழே கொட்டை பொறுக்கினார்கள். ஒவ்வொரு மரத்தின் கீழும் ஏதாவது ஒரு சண்டை. துருமுதுகை அடைந்ததும் பேச்சு அடங்கியது. லத்தீப் பாய் தொப்பியைக் கழற்றிவிட்டு, ஒரு இலையைத் திருப்பித் தடவினார்.

"மாஷா அல்லா" என்றார். பிறகு சடகோபன் பக்கம் திரும்பினார். "சொல்லுங்க, நீங்க வழக்கமாச் சொல்றத."

சடகோபன் சட்டைப்பையில் கிடந்த வெற்றுத் தொப்பியைத் தொட்டுப் பார்த்தான்.

"இந்தக் கிளைக்கு என்ன, வேட்டி கட்டி வெச்சிருக்கீங்க?" டீச்சர் அண்ணாந்து பார்த்தார். அவிழ்த்த பை ஒன்று இன்னும் கிளையில் தொங்கியது. "ஓக்குக்கு உபநயனமா?"

மறுபடி சிரிப்பு. எஸ்தரம்மா ஒரு முக்காலியில் உட்கார்ந்தார்.

"கன்னு கொண்டாந்து வை சடகோபா. இருட்டுறதுக்குள்ள இவங்க மலை எறங்கணும்."

அவன் கன்றுகளைக் கொண்டுவந்து மரத்தடியில் வரிசையாக வைத்தான். எல்லாவற்றிலும் துருமுதுகு என்று அவனே ஆணியால் அடித்த தகரம் தொங்கியது. ஒடிந்த பூவாளியில் இருந்ததை மட்டும் தனக்குப் பின்னால் வைத்துக்கொண்டான். கூட்டம் அரைவட்டமாக நின்றது.

"இது சடகோபன் வளர்த்தது" என்றார் எஸ்தரம்மா. "அவன் கையாலேயே வாங்கிக்குங்க. நான் தொடல."

லத்தீப் பாய் முன்னால் வந்து இரண்டு கைகளையும் நீட்டினார். சடகோபன் கன்றைத் தூக்கினான். டீச்சரின் கண் இலை ஓரத்தில் போய் நின்றதை அவன் பார்த்தான். டீச்சர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது கொடுத்துவிட்டால், அவர் வேனில் ஏறும்வரை சொல்லாமல்கூட இருக்கலாம். மரியாதைக்காக.

அவன் எஸ்தரம்மாவைப் பார்த்தான். அவர் தன் காலுறையின் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாய்" என்றான். "இது துருமுதுகு இல்ல."

"என்னது?"

"தகரத்துல இருக்குறது தப்பு. இந்த மரத்துக் கொட்டையிலேருந்து வந்ததுதான். ஆனா இது அது இல்ல. பக்கத்து மரம் ஏதோ கலந்திருக்கு. எல்லாக் கன்னும் அப்படித்தான்."

மரத்திலிருந்து ஒரு கொட்டை விழுந்து யாருடைய தொப்பியிலோ பட்டுத் தெறித்தது.

"எப்பத் தெரியும்?" டீச்சர் கேட்டார்.

"சந்தேகம் ரொம்ப நாளா. இன்னிக்குக் காலையிலதான் உறுதியாத் தெரிஞ்சுது."

"அப்ப இது என்ன?"

"தெரியாது டீச்சர்."

"எவ்வளவு ஒசரம் வரும்?"

"தெரியாது."

"எங்க பக்கம் வெயில் ஜாஸ்தி. தாங்குமா?" இது லத்தீப் பாய்.

"அதுவும் தெரியாது பாய்."

லத்தீப் பாய் கன்றை வாங்கவில்லை. நீட்டிய கைகளைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார். அவர் முகம் வாடியிருந்தது. வரச் சொல்லியிருந்த உறவினர்கள் ஒவ்வொருவராக அந்த முகத்தில் வந்துபோவதாகச் சடகோபனுக்குத் தோன்றியது.

பின்வரிசையிலிருந்து யாரோ சொன்னார்கள். "பல்லப் பாத்தா இமயமலைக்காரன் மாதிரி இருக்கு."

"எங்க? காட்டு."

"இல்லல்ல, காம்பப் பாருங்க. தக்கை மரம்."

"தக்கைக்கு இவ்வளவு நீளமா இலை வராது."

"இதப் பாரு, இது ரெண்டும் ஒரே தாய்க்குப் பொறந்ததுதான். ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்கா?"

அவ்வளவுதான். அரைவட்டம் உடைந்தது. பேர் வைக்கிற வீட்டில் தொட்டிலைச் சுற்றி நின்று மூக்கு யார் சாயல், நெற்றி யார் சாயல் என்று அடித்துக்கொள்வது போல அவர்கள் கன்றுகளைச் சூழ்ந்துகொண்டார்கள். பூதக்கண்ணாடி கை மாறியது. சண்டை போட்டவர்களில் ஒருவர் இரண்டு கன்றுகளை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். இன்னொருவர் எடுத்தார். வேறொருவர் எடுத்து, யோசித்து, திரும்ப வைத்துவிட்டார்.

லோகாம்பாள் டீச்சர் எதையும் எடுக்கவில்லை.

"தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார். "என் தோட்டத்துல ஒவ்வொண்ணுக்கும் பேரு உண்டு. தெரியாத ஒண்ணு இருந்தா எனக்கு அந்தப் பக்கம் போகவே பிடிக்காது. என் குணம் அப்படி."

"சரி டீச்சர்."

"ஆனா நீங்க சொல்லலன்னா நான் சொல்லியிருப்பேன். அது ரொம்ப அசிங்கமா இருந்திருக்கும். ரெண்டு பேருக்கும்."

கடைசியாக லத்தீப் பாய் திரும்பி வந்தார். ஒரு கன்றைத் தூக்கினார். அதன் தண்டில் இருந்த கம்பியைப் பிரித்து, தகரத்துண்டைச் சடகோபனின் உள்ளங்கையில் வைத்து, அவன் விரல்களை மூடினார். அவர் கோபமாக இருக்கிறாரா என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. கன்றை மடியில் வைத்துக்கொண்டு வேனில் போய் உட்கார்ந்தார்.

வெளிச்சம் மங்கத் தொடங்கியது. டிரங்குப் பெட்டியை ஓட்டுநர் பின்னால் ஏற்றினான். எஸ்தரம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். சடகோபன் வெளியே நின்றான். கையில் ஒடிந்த பூவாளி. அதில் வேர் அறுந்த கன்று தலை தொங்கிக் கிடந்தது.

"தண்ணி கொஞ்சமா ஊத்து" என்றார் எஸ்தரம்மா. "வேரில்லாதது நெறையக் குடிக்காது."

"சரிம்மா."

"மேல் வாசல் தாழ்ப்பா சரியா விழாது. தூக்கி விடணும்."

"தெரியும்மா."

ஓட்டுநர் வண்டியைக் கிளப்பினான். சடகோபன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"அம்மா, எனக்குப் பயமா இருக்கு."

"இப்ப என்ன?"

"இவங்க அடுத்த வருஷமும் வருவாங்க. வேற யாராரோ வருவாங்க. எல்லாரும் உங்களத் தேடுவாங்க. நீங்க மரத்தத் தொட்டா அது ஒரு மாதிரி. நான் தொட்டா அது வேற மாதிரி. இத்தனை வருஷம் உங்க பக்கத்துலயே இருந்திருக்கேன். உங்க சாயல் ஒரு துளி என்கிட்ட இல்ல. நெதமும் தேடிப் பாக்குறேன், இல்ல. நான் அவங்களுக்கு என்னத்தக் காட்டுறது?"

வேன் மெல்ல நகர்ந்தது. அவன் கூடவே நடந்தான். எஸ்தரம்மா கையை வெளியே நீட்டி, பூவாளியில் இருந்த கன்றைத் தொட்டார்.

"இந்தக் கன்ன எத்தனை தடவை திருப்பிப் பாத்திருப்ப?"

"கணக்கே இல்லம்மா. தெனமும்."

"எல்லாத் தடவையும் முதுகத்தானே பாத்த?"

"...ஆமாம்மா."

"மொகத்த எப்பப் பாக்கப் போற?"